இயல்பு வாரம்

எங்க வீட்டுக்காரரு நல்லாத் தூங்கினதுக்காக அவருக்கு மெமோ கொடுத்தாங்க. இதைச் சொன்னா எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, வண்டி ஓட்டும்போது தூங்கிட்டாரான்னு. இல்லைங்க. வீட்டுல, கட்டில்ல, போர்வையைப் போத்திக்கிட்டு, ஊரு உலகத்துல எல்லாரும் தூங்கற மாதிரிதான் தூங்கினாரு. அதுக்குத்தான் மெமோ.

அவரு பஸ் டிரைவர். நகரத்துல இருந்து தொழிற்பேட்டைக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற கம்பெனியில பல வருஷமா ஓட்டறாரு. தலையணையில தலை பட்டா அடுத்த நிமிஷம் குறட்டை. எங்க சொந்தக்காரங்க எல்லாம் அவரைக் கும்பகர்ணன்னுதான் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சா அந்தக் கண்ணு இமைக்கவே யோசிக்கும். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவரு ஏத்தினது கிடையாது.

அப்ப வேற எங்கயோ, வேற ஏதோ கம்பெனியில, ஒரு டிரைவர் அசந்துபோய் பஸ்ஸைச் சுவத்துல விட்டுட்டாரு. புத்தி உள்ளவங்க என்ன பண்ணுவாங்க? கூட நாலு டிரைவரை எடுத்து, இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பாங்க. எங்க கம்பெனி கேமரா வாங்குச்சு. டிரைவர் மூஞ்சிக்கு நேரா தீப்பெட்டி அளவுல ஒண்ணு, கைமணிக்கட்டுல ஒரு பட்டை, ஸ்டியரிங்குக்கு அடியில என்னமோ ஒரு டப்பா. கண்ணு எவ்வளவு நேரம் மூடியிருக்கு, வாய் எவ்வளவு தூரம் பிளக்குது, வண்டி எந்தப் பக்கம் அலையுது, நாடி எப்படி ஓடுதுன்னு எல்லாம் ஒரு இடத்துக்குப் போயிடும். அந்த இடத்துக்குப் பேரு விழிப்பு மையம்.

மனுஷனுக்கு மனுஷன் மாறுபடும் இல்லையா? ஒருத்தருக்குப் பிறவியிலேயே சின்னக் கண்ணு, ஒருத்தர் சும்மாவே கொட்டாவி விடுவாரு. அதனால மெஷின் முதல்ல ஒவ்வொரு டிரைவரோட சுபாவத்தையும் தெரிஞ்சுக்கணுமாம். அதுக்கு ஒரு வாரம் ஒதுக்கினாங்க. இயல்பு வாரம்னு பேரு வெச்சாங்க. அந்த வாரத்துல நீ எப்படி இருக்கியோ, அதுதான் நீ. அதுக்கப்புறம் அதுல இருந்து நீ விலகினா மெஷின் கூப்பாடு போடும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க கெட்ட நேரம், அந்த வாரத்துலதான் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். லீவு கேட்டுப் போனாரு. இயல்பு வாரத்துல யாருக்கும் லீவு கிடையாது, கொடுத்தா இயல்பு கெட்டுடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பகல்ல பஸ், ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு. ட்ரிப்ஸ் தீர்ந்துடுச்சான்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு, விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக் குழாயிலேயே மூஞ்சியைக் கழுவிக்கிட்டு டிப்போவுக்கு ஓடுவாரு. நான் மயக்கத்துல கிடந்தேன், அவரு முழிச்சுக்கிட்டே மயக்கத்துல இருந்தாரு. மெஷின் பொறுமையாப் பாடம் படிச்சுது. இந்த ஆளு கண்ணு பாதிதான் திறந்திருக்கும், ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு கொட்டாவி விடுவாரு, வண்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலையும், சரி, இதுதான் இவரோட பிறவிக் குணம்னு முடிவு பண்ணி முத்திரை குத்திடுச்சு.

அந்த வாரம் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு அவரு தூங்கினாரு பாருங்க, கட்டிலே கண் அசந்திருக்கும். மறுநாள் ஷேவ் பண்ணிக்கிட்டு, கண்ணு பளிச்சுன்னு, பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வண்டியை எடுத்திருக்காரு. முதல் ஸ்டாப் வரதுக்குள்ள சிவப்பு விளக்கு எரிஞ்சு, ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல் சொல்லுச்சாம்: "ஓட்டுநர் இயல்பு நிலையில் இல்லை. பயணிகள் எச்சரிக்கையாக இருக்கவும்." எல்லாரும் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்களாம். ஒரு பெரியவர் நடந்தே போயிடறேன்னு இறங்கிட்டாராம். இதை எனக்கு வந்து சொன்னது அந்த பஸ் கண்டக்டர். விசிலைத் தொலைச்சுட்டு வாயாலேயே ஊதறதால அவரை விசில்னுதான் கூப்பிடுவாங்க.

விழிப்பு மையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்துச்சு. நானும் கூடப் போனேன். எங்க வீட்டுக்காரரு எந்தச் சந்துலயும் பஸ்ஸைத் திருப்பிடுவாரு, அதிகாரி முன்னாடி நாக்கைத் திருப்பத் தெரியாது. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினேன்.

ஜில்லுன்னு ஒரு ரூம், மெத்து மெத்துன்னு நாற்காலி. சுவர் பூரா ஒரு திரை, அதுல டிரைவருக்கு ஒண்ணா பச்சையும் சிவப்புமா வட்டம். அதைப் பாக்கறதுக்குன்னு உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. அவரு முன்னாடி கேமரா கிடையாது.

விழிப்பு அதிகாரி டை கட்டின, மரியாதையான மனுஷன். எங்களை உக்கார வெச்சு, தண்ணி கொடுத்து, டாக்டர் கெட்ட சேதி சொல்ற மாதிரி ஆரம்பிச்சாரு. "அம்மா, உங்க கணவர் கண்ணை ரொம்ப நேரம் திறந்து வெச்சிருக்காரு. கொட்டாவியே வரல. வண்டி கோடு போட்ட மாதிரி நேராப் போகுது. இதெல்லாம் அவரோட சுபாவத்துக்கே எதிர். ஏதோ பெரிய கோளாறு."

நான் எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். ஆபரேஷன், பெஞ்சு, ட்ரிப்ஸ், எல்லாம். அந்த வாரம்தான் சார் கோளாறு, இப்பதான் இவரு இவரா இருக்காருன்னு சொன்னேன். அதை யாரு சொல்றதுன்னு கேட்டாரு. இவரே சொல்றாரு, கட்டிக்கிட்ட நானும் சொல்றேன், போதாதான்னேன்.

அவரு சிரிச்சாரு. கோபமான சிரிப்பு இல்ல, குழந்தை மழலை பேசினா சிரிப்போமே, அது. "நீங்க ரெண்டு பேரும் சொல்றது அபிப்பிராயம். எங்ககிட்ட இருக்கறது டேட்டா. ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன்னு அவன்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னா இவ்வளவு செலவு பண்ணி இந்த மையம் எதுக்கு?"

சரி, இயல்பு வாரத்தை இன்னொரு தடவை எடுங்கன்னு கெஞ்சினேன். தாராளமா எடுக்கலாமாம், விதியிலேயே இடம் இருக்காம். ஒரு மாசம் விடாம பச்சையில இருக்கற டிரைவருக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டாம். பச்சையில இருக்கறவன் எதுக்கு சார் வந்து மாத்தக் கேக்கப் போறான்னு கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலதான்னு பெருமையா ஒத்துக்கிட்டாரு. கையில மெமோவைக் கொடுத்தாரு. இன்னும் ஒரு தடவை சிவப்பு விழுந்தா வேலை போயிடும்னும் சொல்லி அனுப்பினாரு.

வீட்டுக்கு வர வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன். நான் தையல் கம்பெனியில மெஷின் மிதிக்கறவ. கொஞ்ச நாளைக்கு மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாரு. அவரு சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. வேலையும் போகக் கூடாது, ஆளும் போகக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்போல இருந்துச்சு.

அந்த வாரமே மையத்துல இருந்து ஆலோசகர் மேடம் ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. நேரா படுக்கை ரூமுக்குப் போய் மெத்தையை அமுக்கிப் பாத்து உச்சுக் கொட்டினாங்க. ஜன்னலுக்குத் திரை இருக்கறதைக் குறிச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் அவரு வந்ததும் நீங்க என்ன கொடுப்பீங்கன்னு சந்தேகமாக் கேட்டாங்க. சுடு சோறுன்னேன். மனைவியின் பராமரிப்பு அளவுக்கு மீறியதுன்னு எழுதிக்கிட்டாங்க. என் கல்யாண வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச ஒரே நற்சான்று அதுதான்.

போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு அன்பாச் சொன்னாங்க. "நாங்க ஓய்வுக்கு எதிரி கிடையாதும்மா. ஓய்வு ரொம்ப ரொம்ப முக்கியம். அதுக்குன்னு வகுப்பே நடத்தறோம். ஆனா ஓய்வு எடுத்ததால ஒரு மனுஷன் மாறிடக் கூடாது, இல்லையா?"

அந்த ஓய்வு வகுப்புக்கும் அவரு போனாரு. வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கற லீவு நாள்ல, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும், மர நாற்காலியில நிமிர்ந்து உக்காந்து ஓய்வின் அவசியத்தைப் பத்திக் கேக்கணும். கண் அசந்தவங்களை வெளிய நிக்க வெச்சாங்களாம்.

மெமோ வாங்கின அன்னைக்கு ராத்திரியே முதல்ல நடிச்சுப் பாத்தோம். நான் எதிர்ல உக்காந்துக்கிட்டு, கண்ணை இன்னும் கொஞ்சம் மூடுங்க, இப்ப கொட்டாவி, வாய் இன்னும் பெருசான்னு சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கடைசியா நாங்க சேர்ந்து சிரிச்சது அன்னைக்குத்தான். மறுநாள் மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. மூஞ்சி தூங்குதாம், நாடி முழிச்சிருக்காம். மெஷினை ஏமாத்த முடியாதுன்னு விசில் வந்து கையை விரிச்சாரு.

அப்புறம் என்ன பண்றது? நிஜமாவே தூங்க விடாம வெச்சேன்.

நான்தான் வெச்சேன். அந்தப் பாவத்தை வேற யாரு மேல போட? எங்க வீட்டு ஃபேனைப் பிரிச்சுத் திரும்ப மாட்டச் சொன்னேன். அரிசியில கல்லுப் பொறுக்கச் சொன்னேன், கல்லே இல்லாத அரிசியில. தலை சாஞ்சா தண்ணி தெளிச்சேன். அவரு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாரு, கண்ணாலேயே கெஞ்சுவாரு. படுத்துக்கிடக்க வேண்டிய நோயாளி நானு, நல்லா இருக்கற மனுஷனை நோயாளியாக்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சனியனே, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியான்னு என்னை நானே திட்டிக்குவேன். திட்டிக்கிட்டே தண்ணிச் சொம்பை எடுப்பேன்.

பச்சை விழுந்துச்சு. சாதாரணப் பச்சை இல்ல, திரையில பளபளன்னு மின்னுற பச்சை. கண்ணு பாதி மூடியிருக்கு, வாய் கோணியிருக்கு, வண்டி ஆடுது, எல்லாம் அச்சு அசல் அவரேன்னு மெஷினுக்கு ஆனந்தம். டிப்போ வாசல்ல அவரு படத்தைப் பெருசா மாட்டினாங்க. பாக்கறவங்க இறந்துபோனவரு படம்னு நினைச்சு நின்னு கும்பிட்டுட்டுப் போனாங்க. அடியில "விழிப்பே வெற்றி"ன்னு எழுதியிருந்ததால தப்பிச்சோம்.

ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்துச்சு. விழிப்பு அதிகாரி மைக்கைப் பிடிச்சு, "ஆரம்பத்துல இவரு எங்க முன்னாடி வந்து நின்னப்ப கண்ணெல்லாம் பளிச்சுன்னு, பாக்கவே பயமா இருந்துச்சு. இன்னைக்குப் பாருங்க. ஒரு மனுஷனை அவனுக்கே திருப்பிக் கொடுத்திருக்கோம்"னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எங்க வீட்டுக்காரரு பணிவாத் தலையைக் குனிஞ்சாரு. கை தட்டல் ஓஞ்ச பிறகும் தலை நிமிரல. அடக்கமான மனுஷன்னு பின்னாடி வரிசையில பேசிக்கிட்டாங்க. விசில்தான் போய் தோளைத் தட்டிக் கூட்டிக்கிட்டு வந்தாரு.

வீட்டுல அவரு கொஞ்சம் கொஞ்சமாக் காணாமப் போனாரு. என்னை அவங்க அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு வலது காலைத் தரையில ஓங்கி மிதிச்சாரு. தட்டு உருண்டு போச்சு. என்னங்கன்னேன். குறுக்க யாரோ வந்த மாதிரி இருந்துச்சுன்னாரு. வேலையை விட்டுடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இன்னும் ரெண்டே நாள் பச்சை விழுந்தா ஒரு மாசம் முடிஞ்சுடும், இயல்பு வாரத்தை மாத்திக் கேட்டுடலாம்னு முழுங்கிட்டேன்.

ஆனா அவரைத் தனியா அனுப்ப மனசு வரல. அந்த ரெண்டு நாளும் நானும் பஸ்ஸுல போறதுன்னு முடிவு பண்ணினேன். அவரு சீட்டுக்கு நேர் பின்னாடி சீட்டுல உக்காந்துக்கிட்டேன். ஓட்டுநரோட பேசினா கவனச் சிதறல்னு விளக்கு எரியும், அதனால பேச முடியாது. இருமினேன், தொண்டையைச் செருமினேன். தலை ரொம்பச் சாஞ்சா கம்பி இடுக்கு வழியா ஊக்கால அவரு முழங்கையைக் குத்தினேன். ஆழமாக் குத்தினா நாடி எகிறி மஞ்சள் வரும், அதனால அளவாக் குத்தணும். முதல் நாள் அப்படியே ஓட்டிட்டோம்.

ரெண்டாம் நாள் காலையில வண்டி நிறையக் கூட்டம். தொழிற்பேட்டை ரோட்டுல திரும்பி, ரெண்டு பக்கமும் கிடங்குங்க இருக்கற இடத்துல போய்க்கிட்டு இருந்தோம். நான் ஊக்கால குத்தினேன், அசையல. இன்னொரு தடவை குத்தினேன். எதிர்ல ஒரு லாரி வருது. எங்க வண்டி மெல்ல மெல்ல அதுக்கு நேரா நகருது. ஸ்பீக்கர்ல அந்தப் பொம்பளைக் குரல் கணீர்னு சொல்லுது: "ஓட்டுநர் முழு இயல்பு நிலையில் உள்ளார். இனிய பயணம்."

நான் கத்தின கத்துல என் தையலே பிரிஞ்சிருக்கும். அவரு திடுக்குன்னு முழிச்சு ஸ்டியரிங்கை ஒடிச்சாரு. லாரி உரசற மாதிரி போயிடுச்சு. வண்டி ரோட்டோரம் மண்ணுல இறங்கி, ஒரு கிடங்குச் சுவத்துக்குக் கிட்ட நின்னுச்சு. விசில் பாய்ஞ்சு வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. யாரோட சாப்பாட்டு டப்பாவோ உருண்டு வந்து என் காலடியில நின்னுச்சு.

எங்க வீட்டுக்காரரு இன்ஜினை அணைச்சாரு. ஸ்டியரிங்கை விடாமப் பிடிச்சுக்கிட்டு, திரும்பாமலே சொன்னாரு.

"ஏம்மா, என்னால முடியல. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கறேன்."

மூடிக்கங்கன்னேன். அந்தச் சீட்டுலயே, ஜன்னல் ஓரமாத் தலையைச் சாச்சாரு. அவ்வளவுதான். பழைய குறட்டை வந்துச்சு. அதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு.

கூட்டத்துல முதல்ல சலசலப்பு. வேலைக்கு நேரமாச்சு, கேட்டைச் சாத்திடுவான்னு ஒருத்தர் எகிறினாரு. விசில் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னாரு, மையம், பச்சை, தண்ணிச் சொம்பு, ஊக்கு, எல்லாம். சொல்லி முடிச்சப்ப எகிறினவரும் உக்காந்துட்டாரு. நர்ஸ் உடுப்புல இருந்த ஒரு பொண்ணு, தூங்கட்டும் விடுங்கன்னு சொல்லிட்டுத் தன் போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டுக்கிச்சு. அத்தனை பேர் இருந்த பஸ்ஸுல குறட்டையைத் தவிரச் சத்தம் இல்ல.

வெயில் ஏறினதுக்கு அப்புறம் மையத்து கார் வந்து நின்னுச்சு. விழிப்பு அதிகாரியே வந்திருந்தாரு. காரணமில்லாம வண்டி நிக்குதுன்னு திரையில காட்டியிருக்கு. கையில இருந்த டேப் திரையைப் பாத்தாரு. பச்சை, பளபளன்னு. எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. வாய் பிளந்து, எச்சில் வழிய, தூங்கிக்கிட்டு இருக்காரு. திரும்ப டேப்பைப் பாத்தாரு. எதை நம்பறதுன்னு அவருக்குக் குழப்பமே வரல.

"எதுக்கு வண்டியை நிறுத்தினீங்க?"ன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டாரு. குறட்டை. காத்திருந்து, இன்னொரு தடவை கேட்டாரு. மேலதிகாரி கேள்விக்குப் பதிலளிக்க மறுத்தார்னு டேப்புல தட்டிக்கிட்டாரு. அவரு தூங்கறாரு சார்னு விசில் சொன்னாரு. அதிகாரி டேப்பைத் திருப்பி விசில்கிட்ட காட்டினாரு. தூங்கினா இது எப்படிப் பச்சையில இருக்கும்னு கேட்டாரு.

அப்புறம் அவரு என் பக்கம் திரும்பினாரு. குரல்ல நிஜமாவே வருத்தம் இருந்துச்சு. "தூங்கறவனை எழுப்பிடலாம்மா, தூங்கற மாதிரி நடிக்கறவனை எழுப்ப முடியாது. எங்களோட சிறந்த டிரைவர் இப்படிப் பண்ணலாமா? குறட்டைகூட விடறாரு பாருங்க. இப்பவே வண்டியை எடுக்கச் சொல்லுங்க, நான் எல்லாத்தையும் மறந்துடறேன். இன்னைக்கோட மாசம் முடியுது, நாளைக்கே இயல்பு வாரத்தை மாத்திக் கொடுத்துடறேன். எடுக்கலைன்னா இப்பவே வேலை போச்சுன்னு எழுதிடுவேன்."

எல்லாரும் என்னையே பாத்தாங்க. ஒரே ஒரு தட்டு தட்டினா போதும். ஒரு மாசமா அதைத்தானே பண்ணிக்கிட்டு இருக்கேன், கைக்கு நல்லாப் பழகியிருக்கு. எந்திரிச்சு அவரு தோள் பக்கம் கையைக் கொண்டுபோனேன். மனுஷன் கழுத்து ஒரு பக்கமாச் சாஞ்சு, நெத்தியில ஒரு சுருக்கம் இல்லாமக் கிடந்தாரு. அடுத்த மாசம் அரிசிக்கு என்ன பண்ணப் போறோம்னு நினைச்சேன். கையை எடுத்துக்கிட்டேன்.

"ஆமா சார், நடிக்கறாரு"ன்னு சொன்னேன். "வேணும்னேதான் நடிக்கறாரு. அப்படியே எழுதிக்கங்க. கொஞ்சம் சத்தம் போடாம எழுதுங்க."

அதிகாரிக்கு நிம்மதியாப் போச்சு. ஒருத்தராவது உண்மையை ஒத்துக்கிட்டாங்களேன்னு தலையை ஆட்டிக்கிட்டே எழுதினாரு. உத்தரவை டிரைவருக்கு நேர்ல வாசிச்சுக் காட்டணும்னு விதியாம். அவரு காதுக்கிட்ட குனிஞ்சு, நான் கேட்டுக்கிட்ட மாதிரியே மெதுவா, தாலாட்டு மாதிரி, பணிநீக்க உத்தரவை முழுசா வாசிச்சு முடிச்சாரு. எங்க வீட்டுக்காரரு வாயைச் சப்புக் கொட்டிக்கிட்டு இன்னும் வாகாச் சாஞ்சுக்கிட்டாரு.

கார் போனதும் ஜனங்க ஒவ்வொருத்தரா, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, அடி மேல அடி வெச்சு இறங்கிப் போனாங்க. விசில் போய்க் கதவு ஓரமா உக்காந்தாரு. வெயில் ஜன்னல் வழியா நகர்ந்து நகர்ந்து எங்க வீட்டுக்காரரு கண்ணு மேல வந்துச்சு. நான் கீழ இறங்கி, சுத்திக்கிட்டுப் போய், அந்த ஜன்னலுக்கு வெளிய மறைப்பா நின்னுக்கிட்டேன்.